சமையலறையில் நிரப்பிய எண்ணெய்

இடது மார்பில் அந்தக் கட்டி என் கைக்குத் தட்டுப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்குப் புறப்படக் குளித்துக்கொண்டிருந்தபோது. வேர்க்கடலை அளவு இருந்தது. வலி இல்லை. வலிக்காத கட்டிதான் மோசம் என்று எப்போதோ யாரோ சொன்னது நினைவுக்கு வர, தலையில் ஊற்றிய தண்ணீர் வடிய அப்படியே நின்றேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையில் வேலை செய்கிறார். நான் அங்கேயே வண்டிகளுக்கான ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியில், செக்கிங் பிரிவில். வளையத்தை விளக்கு வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்து, ஊசிமுனை அளவு குமிழ் இருந்தாலும் ஒதுக்கிப் போடுவது என் வேலை. அப்படிப்பட்ட நான் என் உடம்பில் இருந்ததை நான்கு மாதம் யாருக்கும் காட்டவில்லை.

காரணம் ஒரு எண்ணெய்ப் புட்டி. மீஞ்சூர்ப் பக்கம் நடந்த ஒரு உபவாசக் கூட்டத்தில் ஜெபித்துக் கொடுத்த நல்லெண்ணெய். கொடுத்தவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். “விசுவாசத்தோட பூசுங்கம்மா” என்றார், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் நானே சேர்த்துக்கொண்டேன். மூன்று சொட்டு, வலது கை மோதிர விரல், மூடியைக் கீழே வைக்கக் கூடாது, பூசும்போது யாரும் கூப்பிடக் கூடாது. ஒருநாள் பூச மறந்து கம்பெனி பஸ் ஏறிவிட்டேன். பாதி வழியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து பூசிவிட்டுப் போனேன். ஏன் லேட் என்று கேட்ட சூப்பர்வைசரிடம் வயிற்று வலி என்று பொய் சொன்னேன்.

கட்டி கரையவில்லை. எண்ணெய்தான் கரைந்தது.

புட்டியில் கால் பங்குகூட இல்லாத ஒரு காலையில், அடுப்பில் தோசை வெந்துகொண்டிருந்தது. பாக்கெட்டிலிருந்த நல்லெண்ணெயைத் தோசையைச் சுற்றி ஊற்றினேன். அதே கையோடு புட்டியிலும் கொஞ்சம் ஊற்றி, பழையதோடு கலக்கட்டும் என்று குலுக்கினேன். குலுக்கும்போதே ஒரு பயம். தண்ணீர் கலந்த பால் மாதிரி இதன் சக்தி குறைந்துபோயிருக்குமோ?

அப்போதுதான் கை நின்றது. வேதத்தில் ஒரு மனிதன் வருவான். ஒரே மரத்தை வெட்டி, பாதியில் அடுப்பெரித்து ரொட்டி சுடுவான். மீதியைச் சிலையாக்கி, என்னைக் காப்பாற்று என்று அதன் முன் விழுவான். ஞாயிறு பள்ளியில் படித்த நாளிலிருந்து அவனை நினைத்துச் சிரித்திருக்கிறேன். அது யாரோ அடுத்தவர்களுக்காக எழுதப்பட்டது என்றே எண்ணியிருந்தேன். தோசை கருகும் வாசனை வந்தது.

அன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசை அக்கா என் யூனிபாரத்தைப் பார்த்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். ஆறு வருடமாக ஒன்றாகச் சாப்பிடுகிறோம்.

“இன்னா அது, தெனம் ஒரே எடத்துல எண்ணெக் கற கீது?”

மறைக்கத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன். எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தாள்.

“எத்தினி நாளா?”

“நாலு மாசம்க்கா.”

டப்பாவை மூடினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “நான் வருஷா வருஷம் ஆடில வேப்பில கட்டிக்கினு பெரியபாளையம் போறவ. எங்க அம்மன நீ கும்புடறதில்ல, அது உன் இஷ்டம். ஆனா உங்க சாமி மேல உனக்கு அவ்ளோ நம்பிக்கன்னு நெனச்சுக்கினு கீறேன். நம்பிக்க கீறவ டாக்டராண்ட போய்க் காட்ட இன்னாத்துக்கு பயப்படறே?”

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போதுதான் அதற்குப் பதில் பிடிபட்டது. இந்த நான்கு மாதத்தில் கட்டியைப் பற்றி ஆண்டவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால் அவர் என்ன சொல்வாரோ என்று பயம். புட்டி எதுவும் சொல்லாது. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு மாசமா ஒரே ஊட்ல கீறோம். எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா?”

“பயமா இருந்துச்சுங்க.”

“எனக்கு இப்ப பயமா கீது. ரெண்டு பேரா பயந்தா ஆவாதா?”

இருவரும் முழங்காலில் நின்றோம். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. “ஆண்டவரே, எனக்கு பயமா இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். என்ன சொன்னாலும் கூட இருங்க” என்றேன். எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது, நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டுச் செருப்பைக் கழற்றியது போல. கட்டி இருந்த இடத்தில்தான் இருந்தது. புட்டி எண்ணெயைக் காரக்குழம்பில் ஊற்றித் தாளித்தேன். அவர் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் காட்டினோம். அவர்கள் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்குச் சதை எடுத்து, எட்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த எட்டு நாளும் நான் வேலைக்குப் போனேன், சமைத்தேன், பயம் வந்தபோதெல்லாம் ஆண்டவரிடம் அதை அப்படியே சொன்னேன். ஒரு நாளைக்குப் பத்து தடவைகூடச் சொன்னேன். பூசுவதற்கு ஒன்றுமில்லாமல் சும்மா நம்புவது ஆரம்பத்தில் கைப்பிடி இல்லாத படியில் இறங்குவது போல இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

ரிசல்ட் பார்த்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். “சாதாரண நார்க்கட்டிதாம்மா. கேன்சர் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்க” என்றார்.

என் வீட்டுக்காரர், “இன்னொருவாட்டி சொல்லுங்க மேடம்” என்றார். டாக்டரம்மா சிரிக்காமல், அவசரப்படாமல், முழுசாக இன்னொரு தடவை சொன்னார்.

வெளியே வராந்தாவில் எனக்கு முன்னால் உள்ளே போய் வந்த பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு வேறு பதில் கிடைத்திருந்தது. ஆண்டவர் என்னை அதிகம் நேசித்தார், அவளைக் குறைவாக நேசித்தார் என்று நான் எங்கேயும் சாட்சி சொல்ல மாட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அக்கா மருந்துச் சீட்டோடு வந்த பிறகுதான் எழுந்தேன்.

காலையிலிருந்து இருவரும் எதுவும் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரி எதிரே கடையில் பொங்கல் வாங்கினோம். முதல் வாய் எடுப்பதற்குள் கம்பெனி அக்காவின் போன்.

“இன்னா சொன்னாங்க?”

“ஒண்ணும் இல்லக்கா. சாதாரணக் கட்டியாம்.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “சரி. நாஷ்டா துன்னியா?”

“இப்பத்தான் உக்காந்தோம்.”

“துன்னு மொதல்ல” என்று வைத்துவிட்டாள்.

பொங்கலில் உப்பு கொஞ்சம் அதிகம். நாங்கள் ஆளுக்கு இரண்டு பிளேட் சாப்பிட்டோம்.