அம்மாவுக்கும் ஒரு பயிற்சி

இன்று ஓசூர் பஸ்ஸில் பக்கத்து வீட்டு மஞ்சுளா கேட்டாள்.

"அக்கா, பாப்பாவ ஊட்டி போர்டிங் ஸ்கூல்ல சேக்கணும். இன்டர்வியூவுக்குப் பழக்கிவுட ஒரு கன்சல்டன்ட் இருக்காராம். வெச்சுக்கலாமா?"

எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளில் என்னை ஏற்காட்டில் ஒரு போர்டிங் ஸ்கூலில் சேர்க்க, அப்பாவின் கம்பெனியில் யாரோ சொல்லி ஒரு சார் வீட்டுக்கு வந்து பழக்கினார். எனக்கு இங்கிலீஷ் பதில்கள். அம்மாவுக்கு ஒரே பாடம்.

"நீங்க வாயே தொறக்காதீங்கம்மா. சும்மா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருங்க."

குந்தாரப்பள்ளிச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் பேசி வியாபாரிகளைத் திணறடிக்கும் அம்மா, இன்டர்வியூ அன்று சிரித்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்கு இடம் கிடைத்தது.

அதன்பிறகு என்னைப் பார்க்க ஹாஸ்டலுக்கு வரும்போதெல்லாம் வார்டன் முன்னால் அதே சிரிப்புத்தான். நான் காய்ச்சலில் கிடந்து எலும்பாய் இளைத்திருந்தபோதுகூட, என்ன ஆயிற்று என்று வார்டனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"நான் பேசுனா உன்னத் திருப்பி அனுப்பிருவாங்களோன்னு பயமா இருந்துச்சு சாமி."

கடைசிவரை அந்தப் பயம் அவருக்குப் போகவில்லை.

மஞ்சுளாவிடம் சொன்னேன்: "பாப்பாவுக்கு வேணும்னா வெச்சுக்க. உன்னையும் பழக்குறேன்னு சொன்னா மட்டும் வேணாம்னுடு."

"ஏன்க்கா, அதுக்குத் தனி ஃபீஸா?" என்றாள்.

நீங்களே அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.