மொட்டை மாடியில் கட்டிய ஏரியல்

கடலுக்குப் போன தம்பி கையில் ஒரு வாக்கி-டாக்கி, வீட்டில் இன்னொன்று. வீட்டில் இருந்தது தண்டம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் படகு தாண்டிவிட்டால் அதில் வெறும் இரைச்சல்தான். அன்று அவன் போன பிறகு புயல் எச்சரிக்கை வந்தது. அவன் படகைத் தவிர எல்லாம் கரைக்குத் திரும்பிவிட்டன.

தம்பி மனைவி மாதா கோயிலுக்கு ஓடினாள். நான் ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள் நான். கைகூப்பிக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. வாக்கி-டாக்கிக்கு உயரமாக ஒரு ஏரியல் கட்ட, பி.வி.சி. குழாய், செம்புக் கம்பி, டிவி கேபிள் வாங்கினேன்.

"வீட்டுல பைப் ஒடஞ்சிருச்சா டீச்சர்?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க, என் தலையும் சேர்த்து" என்று எரிந்து விழுந்தேன்.

ஒரு கம்பியை நிமிர்த்தி, நாலு கம்பிகளைக் கீழே சாய்த்து, குழாயின் உச்சியில் பொருத்தி, மாடிச் சுவரோடு சேர்த்துக் கட்டி, கேபிளை வாக்கி-டாக்கியில் இணைத்தேன். இரைச்சலுக்குள்ளிருந்து அவன் குரல் வந்ததும் அழுதேவிட்டேன்.

"டேய், புயல் வருதுடா! எங்கடா இருக்கே?"

"கிழக்க, கோடியக்கரைப் பக்கம்க்கா. போட்ட வலைய இழுத்துட்டு வந்துடுறேன்."

மதியம் தாண்டியும் வரவில்லை. கூப்பிட்டால் பதிலும் இல்லை. நான் சொன்னதை நம்பி இரண்டு படகுகள் கிழக்கே தேடிப் போயின. அவை போன கையோடு காற்றில் குழாய் முறிந்தது. அப்போதுதான் தம்பி மனைவி கோயிலிலிருந்து வந்தாள்.

"கிழக்கயா? யாரு அண்ணி சொன்னா?"

"அவனேதான் சொன்னான்."

"அய்யோ, அதுல ஊரே கேக்குமே! மீன் படுற எடத்த யாராவது அதுல சொல்லுவாங்களா? மேக்க, அதிராம்பட்டினம் பக்கம் போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தானே போனாங்க!"

எங்கள் கரையில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். மேற்கே மீன் பட்டால் கிழக்கு என்பார்கள். இல்லாவிட்டால் பத்துப் படகு வந்து அதே இடத்தில் வலை விடும். புயல் அன்றைக்குமா அந்தப் பாழாய்ப்போன பழக்கம்! முறிந்த குழாயைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேடிப் போன படகுகளை வாக்கி-டாக்கியில் கூப்பிட்டு, "மேக்க போங்க, மேக்க போங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இரைச்சல்தான் பதில்.

பொழுது சாயப் படகுகள் வெறுமனே திரும்பின. "கிழக்க தேடாத எடமில்ல டீச்சர்" என்றார்கள். மறுநாள் அவனுடைய ஐஸ் பெட்டி அதிராம்பட்டினத்தில் கரை ஒதுங்கியது. அவன் வரவேயில்லை.

அவன் என்னிடம் பொய் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்த ஊருக்குச் சொன்னான். நான் அந்த ஏரியலைக் கட்டாமல் இருந்திருந்தால், தேடப் போனவர்கள் அவன் மனைவியைக் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.