மோட்டார் விளக்கில் பாடியவர்கள்

ரசிகர்களுக்கு நன்றி சொல்லி ஒரு கார்ட்டூன் பாட்டு வெளியிட்டிருக்கிறார்கள் அந்தப் பாட்டுக்காரப் பையன்கள். பையன்கள் என்று சொல்வது என் பழக்க தோஷம். மூவருக்கும் இப்போது தொப்பை வந்துவிட்டது. கார்ட்டூனில் மட்டும் வரவில்லை.

பீடோங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவர்கள் பாட வந்தபோது அவர்களை ஒருவருக்கும் தெரியாது. இரண்டாவது பாட்டிலேயே ஜெனரேட்டர் படுத்துவிட்டது. இருட்டில் கூட்டம் கலையத் தொடங்கியது. என் அக்கா தன் மோட்டார் சைக்கிளை மேடைக்கு நேராக உருட்டி வந்து, முடுக்கி, விளக்கைப் போட்டாள்.

"அண்ணே, ஒங்க மோட்டாரையும் கொண்டாங்க லா! தம்பிங்க பாவம், பாடட்டும்!"

ரப்பர் மரம் சீவப் போகிற மோட்டார், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற மோட்டார், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒலிபெருக்கி இல்லை. எங்கள் உருமி மேளக்காரர்கள் தாளம் போட, இன்ஜின் சத்தத்தையும் மீறித் தொண்டை கிழியப் பாடினார்கள் பையன்கள். அதை யாரோ கைப்பேசியில் பிடித்து இணையத்தில் போட, ஒரே வாரத்தில் நாடு முழுக்கத் தெரிந்த முகங்கள் ஆகிவிட்டார்கள்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். நாங்கள் சுங்கைப் பட்டாணி நகரத்தில் ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் சிதறினோம். அக்கா பாக்கார் ஆராங்கில் வாடகை வீட்டுக்கு வந்தாள். வந்தும் அந்தப் பையன்கள் மேல் இருந்த கிறுக்கு விடவில்லை. கெடா மாநிலத்தில் எங்கே கச்சேரி நடந்தாலும் அவள் கட்டிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மேடைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துவிடும். சாப்பிட்டார்களா என்று நான் கேட்டால் முறைப்பாள்.

இந்த வருடம் அவர்களுடைய மேனேஜர் குரல் செய்தி அனுப்பினார். மோட்டார் விளக்குச் சம்பவத்தைத்தான் கார்ட்டூனாக எடுக்கிறார்களாம். "அன்னைக்கு இருந்தவங்க போட்டோ எல்லாம் அனுப்புங்க அக்கா. ஒருத்தர் விடாம வரஞ்சிடலாம்."

அக்கா அதைப் பத்துப் பேருக்கு நடுவில் சத்தமாகப் போட்டுக் காட்டினாள். பிறகு தாமான் தாமானாக ஏறி இறங்கிப் படம் எடுத்தாள். முடிக்குச் சாயம் அடித்துக்கொண்டு நின்றார் ஒரு அண்ணன். அடகிலிருந்து மீட்ட சங்கிலியைப் போட்டுக்கொண்டு வந்தார் ஒரு அக்கா. உருமி அடித்தவர் படுத்த படுக்கையாக இருந்தார். அவரைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து எடுத்தாள். படம் போன மறு மாதம் அவர் இறந்துவிட்டார். "இதெல்லாம் நடக்கிற காரியமா, எதுக்கு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியற?" என்றேன் நான். அக்கா சில வாரங்களுக்கு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

பாட்டு வெளியான ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய தோட்டத்துச் சனம் முழுவதும் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. பெரிய தொலைக்காட்சியில் பாட்டு ஓடியது. கோயில் வாசலைக் காணோம், ஏதோ விளையாட்டு அரங்கம். விளக்குகள் அணைகின்றன. பாடுகிறவன் ஒரு விரலைத் தூக்குகிறான். உடனே மோட்டார் விளக்குகள் தாமாகவே எரிகின்றன. மோட்டார்களில் இருப்பவர்கள் எல்லாரும் இளசுகள், கூர் மூக்கு, சாயம் பூசிய முடி, வெள்ளை வெளேர் நிறம். எங்கள் தோட்டத்தில் அந்த நிறத்தில் இருந்தது துரை வீட்டுச் சுவர் ஒன்றுதான். கடைசியில், நீங்கள் இல்லாமல் நாங்கள் இல்லை என்று எழுத்து வந்தது.

அக்கா கையில் ரிமோட்டோடு அசையாமல் நின்றாள். சாயம் அடித்த அண்ணன்தான் மெல்லக் கேட்டார்.

"தங்கச்சி, ஓரத்துல செவப்பு மோட்டார்ல இருக்கறது நான்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "நீங்கதாண்ணே. மோட்டாரப் பாத்தாலே தெரியலையா?"

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள். அக்கா பாட்டைப் பின்னால் ஓட்டி, நிறுத்தி, ஆளுக்கொரு பொம்மையைக் காட்டினாள்.

"நீலச் சட்டை நீங்கதான் அக்கா. கார்ட்டூன்ல கொஞ்சம் செவப்பா போட்டுட்டாங்க."

"கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இவ்ளோ செவப்பா இருந்ததில்ல லா" என்று சங்கிலிக்கார அக்கா வாயைப் பொத்திச் சிரித்தார்.

உருமிக்காரரின் மனைவி எதுவும் கேட்கவில்லை. அக்காவே பாட்டை ஓட்டி, மேடைக்குப் பின்னால் டிரம் அடிக்கும் ஒருவனிடம் நிறுத்தினாள். அந்த அம்மாள் எழுந்து போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

எல்லாரும் சந்தோஷமாகத் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, மொத நாள் வியூஸ்தான் முக்கியம். ஒங்க ஆளுங்களப் பாக்க சொல்லுங்க." அதற்கு நான் சொல்ல நினைத்த பதிலை இங்கே எழுத முடியாது. அக்கா மேனேஜர் செய்தியை அப்படியே எல்லாருக்கும் அனுப்பிவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போனாள்.

"எல்லாருக்கும் ஒரு ஆளக் குடுத்துட்ட. நீ எங்க இருக்க அதுல, அக்கா?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "நான் லைட்டுக்குப் பின்னாலதானே இருந்தேன். மேடையிலேர்ந்து பாத்தா எப்படித் தெரியும்?"

கூடத்தில் பாட்டு தானாக மறுபடியும் தொடங்கியிருந்தது. அவன் விரலைத் தூக்கினான், விளக்குகள் எரிந்தன. நான் போய்த் தொலைக்காட்சியை அணைத்தேன்.