இரண்டு மணித்தியாலக் கணக்கு

"…அதுக்கெல்லாம் எங்க, மகள், நேரம் இருந்திச்சி? கடல் சொல்லிப்போட்டா வந்த?" என்று ராத்தா சொல்லிக்கொண்டிருந்தார்.

அஸர் தொழுதுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கதைப்பது என் மூத்த சகோதரியான ராத்தாவின் வழக்கம். கேள்வி கேட்டவள் என் மகள். அவளுடைய விஞ்ஞான வீட்டுவேலையில் சுனாமிக் கணக்கு ஒன்று வந்திருந்தது. அதைப் பார்த்தவுடன், "அண்டைக்கு ஏன் மாமி வாப்பும்மாவக் கூட்டிக்கிட்டு ஓடல்ல?" என்று கேட்டுவிட்டாள்.

என் உம்மா, மகளுக்கு வாப்பும்மா, அப்போது இத்தாவில் இருந்தார்; கணவன் இறந்தபின் பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. வாப்பா மௌத்தாகி இரண்டாவது மாதம். கல்முனைக்குடியில், கடற்கரைக்குப் பக்கத்தில் ராத்தாவின் வீடு. அதன் உள்ளறையில், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருந்தார். கடல் வருகிறதென்று தெருவே கத்திக்கொண்டு ஓடியபோது, "ஆம்புளையள் ஓடுற றோட்டால நான் எப்பிடி மகள் வாற? நீ போ" என்றிருக்கிறார். உயிருக்கு ஆபத்தென்றால் இத்தாவிலும் வெளியே போகலாம் என்று பிறகு எத்தனையோ பேர் சொன்னார்கள். அந்த நேரத்தில் சொல்ல ஆளில்லை. இத்தாவில் இருப்பவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால், ஓட்டோவின் இரண்டு பக்கமும் போர்வை கட்டி மறைப்போம். அந்த நினைப்பில் ஓட்டோ பிடிக்கச் சந்திக்கு ஓடினார் ராத்தா. தண்ணீர் அவரை ஒரு மதிலோடு கொண்டுபோய் ஒதுக்கியது. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, உம்மாவும் இல்லை.

அன்றிலிருந்து "நேரம் இரிக்கல்ல" என்பதுதான் அவருடைய பேச்சு. மனிதர்கள் வாயில் வரும் சொற்களைப் பொறுக்கிவைத்துத் திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறவன் நான். இந்தச் சொல்லை மட்டும் தொட்டதில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடினார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிள்ளைகளின் பாடநூல்களை வாசித்து வாசித்தே கொஞ்சம் விஞ்ஞானம் பிடித்துக்கொண்டேன். கணக்கென்றால் எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

"புவிநடுக்கம் நடந்த இடம் ஆயிரத்தி ஐநூறு கிலோமீற்றர் தூரம். அலையிட கதி மணித்தியாலத்துக்கு எழுநூற்றி அம்பது. எவ்வளவு நேரத்தில கரைக்கு வரும்? தூரத்தக் கதியால பிரி. கொழும்பு பஸ் மாதிரித்தான்."

"எங்கட பஸ் சாப்பாட்டுக் கடைக்கடையா நிக்குமே வாப்பா!"

"இது நிக்காத பஸ். பிரி, புள்ள."

அவள் பிரித்தாள். "ரெண்டு மணித்தியாலம்" என்றாள் சத்தமாக. விடை சரி என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

ராத்தாவின் கை நின்றது.

"என்னத்துக்கு ரெண்டு மணித்தியாலம்?"

"கடலுக்குள்ள நிலம் ஆடினதில இருந்து, அலை கரைக்கு வாறத்துக்கு, மாமி."

"எங்களுக்கு வந்ததும் அப்பிடித்தானா?"

மகள் என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். பாடநூல் விரித்தபடி கிடந்தது.

"ஓம் ராத்தா. கிட்டத்தட்ட அவ்வளவுதான்" என்றேன். "ஆனா அது கணக்கில இரிக்கிற நேரம். எங்களுக்கு ஆரும் சொல்லல்லியே. தெரியாத நேரத்த வெச்சி என்ன செய்யிற?"

"நேரம் இரிக்கல்ல எண்டுதானே தம்பி இவ்வளவு நாளும் இருந்தன்" என்றார், என்னைப் பார்க்காமல். "ரெண்டு மணித்தியாலமெண்டா, ஓட்டோக்காரன் தேத்தண்ணி குடிச்சி முடிச்சிட்டே வந்திருப்பான்."

மகள் அழிறப்பரைத் தேடினாள். விடையை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ராத்தா மடித்து வைத்த துணிகளுக்குள்ளிருந்து ஒரு போர்வையை உருவினார். ஒரு முனையை மகளின் கையில் கொடுத்து, "இறுக்கிப் புடி" என்றார். மறு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து, ஓர் ஓட்டோவின் நீளத்துக்கு அதை இழுத்துப் பார்த்தார். போர்வை போதுமாயிருந்தது. மிச்சமும் இருந்தது. பிறகு அந்த மிச்சத்தை உள்ளே மடக்கி, ஓரங்களைச் சேர்த்து, முன்பு மடித்த மாதிரியே மடித்து வைத்தார்.