உட்கார மறந்த பூசணி

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். சொந்த மகள் வாடியது மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று பின்னால் நினைத்து நினைத்துக் குமைந்தாள்.

கல்யாணத்துக்கு முன்பே இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டவள் அவள். கணவனும் மறுபேச்சில்லாமல் அவள் வழிக்கு வந்துவிட்டான். பிறந்த குழந்தை கொழுகொழுவென்று இருந்ததால் வீட்டில் அதற்குப் பெயரே பூசணிதான். தாய்ப்பாலோடு பருப்பையும் கிழங்கையும் மசித்து ஊட்டினாள்.

திடீரென்று பூசணியின் சிரிப்பு குறைந்தது. ஊட்டினால் துப்பினாள். பல் முளைக்கிறது போல என்று இருந்துவிட்டார்கள். ஒருநாள் காலை விரிப்பில் உட்கார வைத்தபோது, அதுவரை நன்றாக உட்கார்ந்த பிள்ளை பக்கவாட்டில் சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தாள். மறுபடியும் சாய்ந்தது.

அன்று வந்திருந்த நாத்தனார் பிடித்துக்கொண்டாள்.

"நீ இலை தழைய தின்னு, யாரு வேணாம்னா? பிள்ளைக்கு ஒரு முட்டை குடுத்தா குடி முழுகிடுமா?"

"சும்மா இருங்க அண்ணி. பல்லு வர்ற நேரம்."

"பல்லு வந்தா முதுகெலும்பா போயிடும்?"

அவள் குழந்தையை வாரிக்கொண்டு கிளம்பினாள். நாத்தனாரும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

குழந்தை மருத்துவர் பூசணியின் கையைத் தூக்கி விட்டார். கை துணிபோல் விழுந்தது. பிறகு தாயின் பக்கம் திரும்பினார்.

"நீங்க வைட்டமின் பி12 மாத்திரை போடுறீங்களா?"

"மாசமா இருந்தப்ப போட்டேன். அப்புறம்... நல்லாத்தானே சாப்பிடுறோம்னு விட்டுட்டேன்."

"காய்கறி, பருப்புல அது கிடைக்காதும்மா. உங்க உடம்புல இல்லாதது பால்ல எப்படி வரும்?"

"சரியாயிடுமா டாக்டர்?"

"ரத்தம் எடுத்துட்டு இப்பவே ஊசி போட்டுடலாம். பெரும்பாலும் தேறிடுவாங்க. ஆனா மூளை வளர்ற வயசு. இப்பவே உறுதியா சொல்ல முடியாது."

ஊசி போடும்போது குழந்தையைப் பிடிக்க அவளுக்குக் கை வரவில்லை. நாத்தனார்தான் மடியில் வைத்துக்கொண்டாள். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை வரும் என்று தாய் பயந்தாள். வரவில்லை.

ஊசி தொடர்ந்தது. ஒரு வாரத்துக்குள் பூசணி தலையைத் திருப்பிப் பார்த்தாள். நாத்தனார் போட்ட தும்மலுக்குக் கிளுக்கென்று சிரித்தாள். கணவன் அந்தத் தும்மலை மறுபடி போடச் சொல்லிக் கெஞ்சினான்.

மற்ற பிள்ளைகளைவிடத் தாமதமாகத்தான் நடந்தாள் பூசணி. வீட்டில் யாரும் சாப்பாட்டை மாற்றவில்லை. மருத்துவர் எழுதித் தந்த சொட்டு மருந்து மகளுக்கு, மாத்திரை தாய்க்கு, கூடவே சத்துச் சேர்த்த சோயா உணவு என்று ஆயிற்று. முட்டைச் சண்டை மட்டும் ஓயவில்லை.

இப்போது பகலில் நாத்தனார்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். கடையில் இருக்கும்போது வீட்டிலிருந்து போன் வந்தால் கையிலிருக்கும் லென்ஸை அப்படியே வைத்துவிட்டு எடுக்கிறாள் தாய்.

"என்ன அண்ணி, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லடி. பட்டாணிய மூக்குல போட்டுக்கிட்டா. எடுத்துட்டேன். நீ வேலையப் பாரு."