இரண்டு பக்கமும் இழுபட்ட கால்

சல்லிக் கிராமத்து அருளம்பலத்தின் கால்களைப் பற்றி அந்த நாளில் ஊரில் கதைக்காத ஆள் இல்லை. உலக யுத்தம் வந்து பக்கத்துத் துறைமுகம் கப்பல்களால் நிறைந்ததும், அவன் படித்த கல்லூரித் திடலில் பட்டாளத்துக் கூடாரங்கள் முளைத்துவிட்டன. ஆனாலும் ஓட்டம் பழக்கின இராசநாயகம் மாஸ்டர் விளையாட்டை விடவில்லை. மட்டக்களப்புப் போட்டியில் ஒரு மைல் ஓட்டத்தை வென்றால் அருளம்பலத்தைக் கல்லூரியிலேயே உதவி மாஸ்டராக வைத்துக்கொள்வதாக அதிபர் சொல்லியிருந்தார். வலைக்கயிறு பிடிக்காத ஒரு பிழைப்பு. அவனுக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

திடல் போனதால் பின்னேரங்களில் தார் றோட்டில் ஓட்டம். நன்றாக ஓடினால் மாஸ்டர் இன்னும் கொஞ்சம் ஓடச் சொல்லுவார். மோசமாக ஓடினால் தண்டனையாக இன்னும் கொஞ்சம். இருட்டினால்தான் விடுதலை.

காலையில் தகப்பன் தம்புவின் கரைவலை. இழுக்கிற ஆட்களெல்லாம் துறைமுக வேலைக்குப் போய்விட, அவர்களின் பாரமும் மகன் மேல் விழுந்தது. கடலில் வளைத்துப் போட்ட வலையை, குதிக்காலை மணலில் புதைத்துப் பின்னுக்குப் பின்னுக்கு நடந்து கரைக்கு இழுக்க வேண்டும்.

வைகாசியில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நோகத் தொடங்கியது. மாஸ்டரிடம் சொன்னான்.

"காலமை மணலிலதானே நிக்கிறாய்? அது காலுக்கு மெத்தை மாதிரி. நோவை எடுத்துப்போடும்," என்றார் அவர்.

தகப்பனிடம் சொன்னான்.

"பின்னேரம் முழுக்க விளையாடிப்போட்டுத்தானே வாறாய். அதைவிட என்ன ஓய்வு வேணும்?"

இருவரும் நல்ல மனிதர்கள், அதுதான் கொடுமை. தாய் யோகம்மா எண்ணெய் காய்ச்சி, நோகிற இடத்திலேயே அழுத்தி உருவினாள். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். ஓடாமல் நின்றால் மாஸ்டர் வேறொருவனைப் பிடித்துவிடுவார் என்ற பயம் நோவைவிடப் பெரிது.

போட்டிக்கு முந்தின கிழமை, றோட்டில் திரும்பும்போது கால் சடக்கென்று முறிந்தது. பட்டாள லொறிக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

"இது கனநாளாய் வெடிச்சிருந்த எலும்பு," என்றார் டொக்டர். "சும்மா விட்டிருந்தால் தானாய்ப் பொருந்தியிருக்கும்."

கட்டிலுக்கு இந்தப் பக்கம் தம்பு, அந்தப் பக்கம் மாஸ்டர்.

"உங்களிட்ட ஆறுதலாய் இருக்கிறான் எண்டெல்லோ நினைச்சனான்," என்றார் தம்பு.

"நானும் உங்களிட்ட எண்டுதான்," என்றார் மாஸ்டர்.

கால் கோணலாகவே ஒட்டியது. கல்லூரி வேலை போயிற்று. துறைமுகத்தில் நொண்டியை எடுக்கவில்லை. வலைக்குக்கூட அவன் உதவவில்லை. கரையில் காயப்போட்ட மீனுக்குக் காகம் துரத்தினான்.

அடுத்த வருடம் அவன் தம்பி கதிரவேல் காலையில் வலையிலும் பின்னேரம் றோட்டிலும் நின்றான். ஒருநாள் அவன் காலைத் தடவிக்கொண்டு வந்ததைக் கண்டதும் அருளம்பலம் எழும்பினான். தம்பிக்கு ஓய்வு கேட்டு நொண்டி நொண்டித் தகப்பனிடம் போனான்.

"வலைக்கு ஆள் இல்லையடா. ஓட்டத்தை விடச் சொல்லு," என்றார் தம்பு.

றோட்டுக்குப் போனான்.

"போட்டி கிட்டுது. வலையை விடச் சொல்லு," என்றார் மாஸ்டர்.

கடைசியில் தம்பியிடமே கெஞ்சினான்.

"ஒண்டையும் விட ஏலாது அண்ணன்," என்றான் கதிரவேல். "வெண்டால் வேலை தாறன் எண்டு அதிபர் சொன்னவர்."

குசினியில் யோகம்மா எண்ணெயை அடுப்பில் வைத்தாள்.