கோவளத்தில் காற்றே இல்லை

பெட்ரோல் விலை ஏறினதிலிருந்து சர்க்காருக்குக் காற்றின் மேல் ஒரு கண்.

இன்று காலை ஒரு இன்ஜினியர் ஜீப்பில் வந்து கோவளத்தில் இறங்கினார். காற்றாலை வைத்துக் கரண்ட் எடுக்கப்போகிறார்களாம். அதற்கு அவர் பார்த்துவைத்த இடம், நாங்கள் கருவாடு காயப்போடும் மணல்மேடு. நல்ல காற்று என்றுதான் அங்கே காயப்போடுகிறோம். அது போனால் என் வியாபாரமும் போச்சு.

"இங்கே காற்று எப்படி?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "காத்தா? புழுக்கம் தாங்கல சார்."

மீன் காயவைக்கும் கன்னியம்மா சும்மா இருப்பாளா? "பாய் சொல்றது நெசம் சார். இலைகூட ஆடாது."

அவர் வரைபடத்தை விரித்ததுதான் தெரியும். அது கையை விட்டுப் பறந்து, அவர் தொப்பியையும் கூட்டிக்கொண்டு, நேராகக் கருவாட்டின் மேல் போய் உட்கார்ந்தது.

கன்னியம்மா என் காதில், "இன்னா பாய், இந்தக் காத்து இப்பப் பார்த்தா வரணும்?" என்றாள்.

இன்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடுத்த வாரம் காற்றை அளக்கிற கருவியோடு வருகிறேன். அதுவும் காற்று இல்லை என்று சொன்னால், மேட்டை விட்டுவிடுகிறேன்."

ஒரே ஒரு நாள் காற்றை எங்கே ஒளித்துவைக்கலாம்? யோசனை இருந்தால் சொல்லுங்கள். பலித்தால் நெத்திலிக் கருவாடு இலவசம்.